கட்டணப் பலகை இல்லாத ஏலம்

ஐகான் அமைப்பில் இணையப் பயனர்களின் சார்பாக அமர்ந்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்



புதிய டொமைன் பின்னொட்டுகளுக்கான அடுத்த சுற்று விண்ணப்பங்களை 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை பெறுவதாக, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் நாள் குறித்திருக்கிறது. விண்ணப்பம் ஒன்றுக்குக் கட்டணம் 2,27,000 டாலர். டாட் காம், டாட் ஆர்க் என்பதுபோல இணைய முகவரியின் வாலில் நிற்கும் சொல்லை நடத்தும் உரிமைக்காக நிறுவனங்கள் மறுபடியும் வரிசையில் நிற்கப்போகின்றன. ஒரே சொல்லைப் பலர் கேட்டு, வேறு வழியில் தீராமல் போனால், ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவருக்கு அது போய்ச் சேரும். இந்தப் போட்டியில் நிறுவனங்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். அரசுகளுக்கு ஆலோசனைக் குழு இருக்கிறது. வணிகமுத்திரை வைத்திருப்போருக்கென்று தனி நடைமுறையே இருக்கிறது. நாளை அந்தச் சொல்லின் கீழ் ஒரு பெயரைப் பதிந்து, ஆண்டுதோறும் பணம் கட்டப்போகிற கடைக்காரர், பள்ளி, சிறுபத்திரிகை ஆகியோரின் குரலாக அங்கே இருப்பவர்களில் முக்கியமானவர்கள் நீங்கள்: ஐந்து கண்டப் பிரிவுகளிலிருந்து வரும் 15 பேர் கொண்ட ஆலோசனைக் குழு, அதற்குப் பின்னால் நாடு நாடாக இருக்கும் பயனர் அமைப்புகள், இயக்குநர் குழுவில் நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஓர் உறுப்பினர். உங்கள் ஆசிய பசிபிக் பிரிவில் தமிழ் வாசிப்பவர்களும் இருப்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

வாரச் சந்தைகளில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை நம் பேரூராட்சிகள் ஏலத்துக்கு விடுவது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதிகம் கேட்டவர் குத்தகைதாரர். பணத்தைக் கட்டுவது அவர்தான் என்றாலும், அதை அவருக்குத் திருப்பித் தருவது தலைச்சுமையில் கீரை கொண்டுவருபவரும் தரைக்கடை போடுபவரும். இது தெரிந்துதான் அந்த ஏலத்துக்கு இரண்டு வேலிகள் போட்டிருக்கிறார்கள். கூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சியே கட்டணத்தைத் தீர்மானித்து வாசலில் பலகை வைக்க வேண்டும். குத்தகைக்குக் காலக்கெடு உண்டு, முடிந்ததும் மறு ஏலம். பலகையில் உள்ளதற்கு மேல் பிடுங்குகிறார்கள் என்ற புகார் எந்த ஊரிலும் ஓய்ந்தபாடில்லை என்பது வேறு கதை. புகார் சொல்வதற்கு ஒரு பலகையாவது அங்கே நிற்கிறது. ஐகான் நடத்தும் ஏலத்தில் பலகை கிடையாது, காலக்கெடுவும் பேருக்குத்தான். போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஐகானுக்கு யார் அதிகம் தருவார் என்று நடக்கிற போட்டி, பெயர் வைத்திருப்பவரிடம் யார் குறைவாக வாங்குவார் என்பதற்கான போட்டியாக மாற வேண்டும் என்பதே நான் உங்கள் முன் வைக்கும் வாதம்.

ஏலம் போவது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பின்னொட்டை நடத்தும் நிறுவனத்தைப் பதிவகம் என்கிறோம். அந்தப் பின்னொட்டின் கீழ் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் ஒரே பதிவேடு, அதை வைத்திருப்பது ஒரே பதிவகம். நாம் பெயர் வாங்கும் கோடாடி, நேம்சீப் போன்றவர்கள் சில்லறை வியாபாரிகள். அவர்களுக்குள் போட்டி கடுமையாகவே இருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லோரும் சரக்கு எடுக்கும் மொத்தக் கடை ஒன்றே ஒன்று. அந்த மொத்தக் கடையின் விலை ஏறினால் எந்தச் சில்லறைக் கடைக்குப் போயும் தப்ப முடியாது. 2012 சுற்றில் உருவான பின்னொட்டுகளுக்கு ஐகான் எழுதிய பொது ஒப்பந்தத்தில் இந்த மொத்த விலைக்கு உச்சவரம்பு இல்லை. புதுப்பிக்கும் விலையை உயர்த்துவதானால் 180 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அதற்குள் பழைய விலையில் பத்தாண்டு வரை புதுப்பித்துக்கொள்ள விட வேண்டும், அவ்வளவே. ஒப்பந்தக் காலம் பத்து ஆண்டு. பெரிய விதிமீறல் இல்லாவிட்டால் அது தானாகவே அதே நிறுவனத்துக்குப் புதுப்பிக்கப்படும் என்றும் எழுதியிருக்கிறது. ஒருமுறை ஏலத்தில் ஜெயித்தவர் ஒழுங்காக நடந்துகொள்ளும் வரை உரிமை அவருடையதே. சந்தைக் குத்தகைதாரர் கனவிலும் கேட்கத் துணியாத சலுகை இது.

2012இல் நடந்ததை எண்களிலேயே சொல்லிவிடலாம். விண்ணப்பம் ஒன்றுக்கு 1,85,000 டாலர் கட்டி 1,930 விண்ணப்பங்கள் வந்தன. வட அமெரிக்காவிலிருந்து 911, ஐரோப்பாவிலிருந்து 675, ஆசிய பசிபிக்கிலிருந்து 303, லத்தீன் அமெரிக்காவிலிருந்து 24, ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் 17. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கேட்ட சொற்கள் 230, அவற்றுக்கு மட்டும் 751 விண்ணப்பங்கள். 'ஆப்' என்ற சொல்லுக்கு மட்டும் 13 பேர் மோதினார்கள். 2015 பிப்ரவரியில் ஐகான் நடத்திய ஏலத்தில் கூகுள் அதை 2,50,01,000 டாலருக்கு எடுத்தது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஆயிரம் டாலரைப் பார்க்கும்போது, நம்மூர் மொய்யில் வைக்கும் ஒரு ரூபாய் நினைவுக்கு வருகிறது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஜப்பானின் ஜிஎம்ஓ நிறுவனம் 'ஷாப்' என்ற சொல்லை 4.15 கோடி டாலருக்கு எடுத்தது. இவை வெளியே தெரிந்த தொகைகள். பல சொற்களுக்குப் போட்டியாளர்கள் தங்களுக்குள்ளேயே தனி ஏலம் நடத்திக்கொண்டார்கள். அதில் ஜெயித்தவர் கட்டும் பணத்தைத் தோற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். லண்டன் பங்குச்சந்தையில் இருந்த மைண்ட்ஸ் அண்ட் மெஷின்ஸ் நிறுவனத்தின் கணக்கறிக்கையில், ஏலத்தில் தோற்றதால் வந்த வரவு தனியாகவே இடம்பெற்றது. தோற்பதற்காகவே ஒருவர் விண்ணப்பிக்கலாம் என்ற அளவுக்குப் போனதை உங்கள் குழு விடாமல் எதிர்த்தது. 2024இல் ஐகான் இயக்குநர் குழு அடுத்த சுற்றில் தனி ஏலங்களைத் தடை செய்ய முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் அது அடைத்தது, ஏலப் பணம் போட்டியாளர்கள் பைக்குப் போகும் வழியை மட்டுமே. அந்தப் பணம் யாரிடமிருந்து வரப்போகிறது என்பது முன்பிருந்தபடியேதான் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள 'வெப்' என்ற சொல்லின் கதையைவிட நல்ல பாடம் கிடைக்காது. கூகுள், டோனட்ஸ், ராடிக்ஸ், வெப்.காம், ஷ்லண்ட், அஃபிலியாஸ், நூ டாட் கோ என ஏழு பேர் அதைக் கேட்டிருந்தார்கள். தனி ஏலத்துக்கு நூ டாட் கோ ஒத்துக்கொள்ளாததால் விவகாரம் ஐகானின் ஏலத்துக்கு வந்தது. 2016 ஜூலை இறுதியில் நடந்த அந்த ஏலத்தில், வெளியே அதிகம் பேர் அறியாத நூ டாட் கோ 13.5 கோடி டாலருக்குச் சொல்லைத் தட்டிச்சென்றது. சில நாள்களிலேயே அதற்குப் பின்னால் இருந்த பணம் யாருடையது என்று தெரிந்தது. டாட் காம் பதிவகத்தை நடத்தும் வெரிசைன், ஏலத்துக்கு நிதி கொடுத்ததாகவும் உரிமை பின்னர் தன் பெயருக்கு மாற்றப்படும் என்றும் தானே அறிவித்தது. இரண்டாவதாக வந்த அஃபிலியாஸ், இது விதிமீறல் என்று 2018இல் தனிநிலை மறுஆய்வுக்குப் போனது. 2021இல் தீர்ப்பளித்த நடுவர் குழு, அந்த ஏற்பாடு விதிக்குள் அடங்குமா என்ற கேள்வியை முடிவு செய்யாமல் விட்டதில் ஐகான் தன் சொந்தச் சாசனத்தை மீறியது என்று சொல்லி, கேள்வியை இயக்குநர் குழுவிடமே திருப்பி அனுப்பியது. நூ டாட் கோ விதிகளை மீறவில்லை என்று 2023இல் இயக்குநர் குழு முடிவு செய்தது. அஃபிலியாஸின் வழக்கைத் தொடர்ந்த ஆல்டனோவோ அதையும் எதிர்த்து மறுபடி மறுஆய்வுக்குப் போனது. 2012இல் கேட்கப்பட்ட சொல், பத்தாண்டுகள் கடந்தும் ஒரு கடைக்காரருக்கு ஒரு பெயரைக்கூடக் கொடுத்திருக்கவில்லை.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. என்னை உறுத்துவது அந்த ஏலத் தொகை. 13.5 கோடி டாலர் என்றால், டாட் வெப் தொடக்கத்திலேயே பத்து லட்சம் பெயர்களை விற்றாலும் பெயருக்கு 135 டாலர் ஏலச் சுமை. ஆண்டுக்கு ஐந்து டாலர் அதற்கென்று ஒதுக்கினால் வட்டி இல்லாமலே 27 ஆண்டு. புதிதாகத் தொழிலுக்கு வருகிற ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவதில் வியப்பில்லை. ஏற்கெனவே சந்தையில் பெரிதாக இருப்பவரின் கணக்கு வேறு. டாட் காம் மொத்த விலை 2024 செப்டம்பரில் 9.59 டாலரிலிருந்து 10.26 டாலராக ஏறியது, 67 சென்ட் உயர்வு. டாட் காம் பெயர்கள் 15 கோடிக்கு மேல். அந்த ஒரே உயர்வு ஆண்டுக்கு 10 கோடி டாலர் கூடுதல் வரவு. அப்படியிருக்கையில், டாட் காமுக்கு மாற்றாக மக்கள் மனத்தில் நிற்கக்கூடிய ஒரு சொல் வேறொருவர் கைக்குப் போகாமல் இருப்பதற்கே பெரிய நிறுவனத்துக்கு ஒரு விலை உண்டு. அந்தச் சொல்லிலிருந்து அது ஒரு காசுகூடச் சம்பாதிக்க வேண்டியதில்லை. கில்பர்ட், நியூபெரி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1982இல் காப்புரிமைகளை வைத்து இதை நிறுவினார்கள்: புதியவர் எதிர்பார்ப்பது போட்டியில் கிடைக்கும் லாபம், பழையவர் காப்பாற்றிக்கொள்வது ஏகபோகத்தின் லாபம். இரண்டாவது பெரியது என்பதால் ஏலத்தில் பழையவர் எப்போதும் ஒரு படி மேலே போக முடியும். அமெரிக்க நீதித்துறை டாட் வெப் கொள்முதலை ஆராய்ந்து 2018 தொடக்கத்தில் நடவடிக்கை ஏதுமின்றி முடித்துக்கொண்டது என்பதையும், டாட் வெப்பை வளர்க்கவே வாங்கினோம் என்று வெரிசைன் சொல்வதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதன் உள்நோக்கத்தைப் பற்றி எனக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. யார் எந்த நோக்கத்தோடு வந்தாலும், தொகை ஒன்றையே பார்க்கிற ஏலத்தால் வளர்க்க வந்தவரையும் முடக்க வந்தவரையும் பிரித்தறிய முடியாது என்பதே என் குறை.

ஒரு பெயரைப் பதிவேட்டில் ஓராண்டு வைத்திருக்க உண்மையில் எவ்வளவு செலவாகும்? பதில் இந்தியாவிலேயே இருக்கிறது. டாட் இன் உரிமை, அரசு சார்ந்த லாபநோக்கற்ற அமைப்பான நிக்சியிடம் இருக்கிறது. பதிவேட்டின் தொழில்நுட்ப வேலையை அது வெளி நிறுவனத்துக்கு டெண்டரில் விடுகிறது. 2005 முதல் அந்த வேலையைச் செய்துவந்த அஃபிலியாஸைக் கடந்து, 2018இல் நடந்த டெண்டரில் நியூஸ்டார் வென்றது. கேட்ட கூலி, பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. அங்கே போட்டி குறைந்த கூலிக்கு நடந்தது, அதனால் கூலி குறைந்தது. டாட் காமின் 10.26 டாலரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 15 கோடி பெயர்களை ஒரு நொடிகூட விழாமல் காப்பது அவ்வளவு பெயர் இல்லாத டாட் இன்னைவிடக் கனமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் பெயர்கள் கூடக்கூடப் பெயர் ஒன்றுக்கான செலவு இறங்க வேண்டும், ஏறக் கூடாது. 2023இல் வெரிசைனின் வருவாய் 149 கோடி டாலர், அதில் செயல்பாட்டு லாபம் சுமார் 100 கோடி. மூன்றில் இரண்டு பங்கு லாபமாக நிற்கும் தொழில் உலகில் எத்தனை இருக்கும்?

போட்டியை எதன்மேல் நடத்துவது என்ற கேள்விக்கு ஐகானைவிட வயதான விடை ஒன்று உண்டு. பொருளாதார அறிஞர் ஹரால்ட் டெம்செட்ஸ் 1968இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இயல்பிலேயே ஒருவர் மட்டும் நடத்தக்கூடிய சேவைகளுக்கு அரசுக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்டார். சந்தைக்குள்ளே போட்டி முடியாதென்றால், சந்தைக்குள் நுழையும் உரிமைக்குப் போட்டி வையுங்கள் என்றார். ஐகானின் ஏலத்தை ஆதரிப்போர் அவர் பெயரைச் சொல்லாமலே இந்தப் பாதி வாதத்தைப் பயன்படுத்துகிறார்கள். மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். டெம்செட்ஸ் சொன்ன போட்டியில் வெல்பவர், அரசுக்கு அதிகம் கட்டியவர் அல்லர். மக்களுக்குக் குறைந்த விலையில் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர். அதிகம் கட்டியவருக்குக் கொடுத்தால் ஏகபோக லாபம் மறையாது, முன்கூட்டியே வேறொருவர் கைக்கு மாறும். ஐகானைப் பொறுத்தவரை அந்தக் கை அதனுடையதே. 2012 சுற்றில் அது நடத்திய ஏலங்களில் 23 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது, பாதிக்கு மேல் 'வெப்' ஒன்றிலிருந்து. அந்தப் பணத்தைத் தனியாக வைத்து, நல்ல காரியங்களுக்கு மானியமாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் விதி எழுதுபவரும் தகராறைத் தீர்ப்பவரும் ஏலப் பணத்தைப் பெறுபவரும் ஒரே ஆளாக இருப்பதை எந்தப் பஞ்சாயத்தும் ஒத்துக்கொள்ளாது.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதுவும் பொருளாதாரத்திலிருந்தே வருகிறது. ஆலிவர் வில்லியம்சன் 1976இல், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் கேபிள் தொலைக்காட்சி உரிமையைக் குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்த கதையை ஆராய்ந்தார். வென்ற நிறுவனம் சொன்ன நேரத்தில் முடிக்கவில்லை, சொன்ன தரத்தில் தரவில்லை. ஆனாலும் நகரத்தால் அதை வெளியேற்ற முடியவில்லை, கம்பி எல்லாம் அதன் பெயரில் மண்ணுக்குள் இருந்தது. குறைந்த விலைக்கு வாக்குக் கொடுத்து உள்ளே வந்துவிட்டுப் பிறகு மாற்றிப் பேசுவார்கள் என்ற இந்தப் பயம் நியாயமானது. மின்சாரம், குடிநீர், கேபிள் எதற்கும் இது பொருந்தும். டொமைன் பதிவேட்டுக்குத்தான் பொருந்தாது. இங்கே மண்ணுக்குள் எதுவும் புதைந்திருக்கவில்லை. பதிவேட்டின் நகலை ஒவ்வொரு பதிவகமும் மூன்றாம் தரப்பிடம் தொடர்ந்து ஒப்படைத்துவர வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. பதிவகம் விழுந்தால் தாங்கிப்பிடிக்க அவசரகால நடத்துநர்களை ஐகான் தயாராக வைத்திருக்கிறது. 2017இல் டாட் வெட் கைவிடப்பட்டபோது அந்த ஏற்பாடு முதல் தடவையாகப் பயன்பட்டது. 2003 தொடக்கத்தில் டாட் ஆர்க்கின் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வெரிசைனிடமிருந்து வேறு கைக்கு மாறின. 2018இல் ஆஸ்திரேலியாவின் டாட் ஏயூ முப்பது லட்சம் பெயர்களோடு இடம்பெயர்ந்தது. 2019இல் டாட் இன். பெரும்பாலான பெயர்க்காரர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இவ்வளவு எளிதாகக் கைமாற்றக்கூடிய ஒரு பொதுச்சேவை வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வாக்கு மீறியவரை வெளியேற்ற முடியும் என்பதால் இங்கே வாக்குக்கு மதிப்பு உண்டு. வெளியேற்ற முடியாதபடி செய்திருப்பது தானாகப் புதுப்பிக்கும் அந்த ஒப்பந்த வாசகம். அதை எழுதியவர்கள் மனிதர்கள், மாற்றுவதற்கும் அவர்களால் முடியும்.

'யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, ஆயிரத்துக்கு மேல் பின்னொட்டுகள் இருக்கின்றன, விலை ஏறினால் வேறொன்றுக்குப் போகட்டும்' என்பது அடுத்த மறுப்பு. பெயர் வாங்குவதற்கு முந்தைய நாள் வரை இது சரி. வாங்கி நாலு வருடம் ஆன பிறகு அந்த முகவரி பெயர்ப்பலகையில், பில் புத்தகத்தில், வங்கிக்குக் கொடுத்த மின்னஞ்சலில், கூகுள் தேடலில், வாடிக்கையாளர் நினைவில் ஏறியிருக்கும். கடையைக் காலி செய்வதைவிடக் கடினமான காரியம் அது. 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற பதிவகம் தன் 16 பின்னொட்டுகளின் விலையை உயர்த்துவதாக அறிவித்தபோது, சிலவற்றில் உயர்வு 3,000 விழுக்காடு வரை போனது. எதிர்ப்பு வந்ததும் அந்நிறுவனம் ஓரளவு இறங்கிவந்தது, கோடாடி அவற்றைப் புதிதாக விற்பதையே நிறுத்திக்கொண்டது. ஆனால் அந்த நிறுவனம் எந்த விதியையும் மீறவில்லை. பழைய விலையில் பத்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாமே என்று ஒப்பந்தத்தைக் காட்டுபவர்கள், பத்தாண்டுப் பணத்தை ஆறு மாதத்துக்குள் மொத்தமாகக் கட்டக்கூடியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். அது முடிந்த பிறகும் பதினோராவது ஆண்டு வரத்தானே செய்யும்.

விலை குறைந்தால் திருடர்கள் குவிவார்கள் என்று உங்களிலேயே சிலர் சொல்லக்கூடும். டாட் டிகே பின்னொட்டை இலவசமாக வாரி இறைத்த ஃப்ரீநாம் நிறுவனத்தின் மேல் 2023இல் மெட்டா வழக்குப் போட்டதும், ஓராண்டுக்குள் ஃப்ரீநாம் அந்தத் தொழிலையே விட்டு விலகியதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் மோசடிக்காரர்கள் தேடுவது முதல் வருட மலிவு. பெயரை எடுத்து, நாலு நாள் ஏமாற்றி, தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஐந்தாவது வருடம் புதுப்பிக்கும் விலையைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? நான் கேட்பது புதுப்பிக்கும் விலையின்மேல் போட்டி. சொல்லப்போனால் இன்றைய வழக்கம்தான் தலைகீழ். முதல் வருடம் தள்ளுபடி, பிறகு ஏற்றம். திருடனுக்குச் சலுகை, தங்குபவருக்குத் தண்டம்.

தகுதியைப் பார்த்துக் கொடுப்பதென்றால் சொந்த விருப்புவெறுப்பு புகுந்துவிடும், ஏலத்தில் எண் மட்டும்தான் பேசும் என்பதும் ஒரு வாதம். அதில் உண்மை இருக்கிறது. 2012 சுற்றில், சமூக அமைப்புகளின் விண்ணப்பங்களுக்கு முன்னுரிமை தரும் மதிப்பீட்டில் 16க்கு 14 வாங்க வேண்டும் என்று வைத்தார்கள், மிகச் சிலரே தேறினார்கள். டாட் ஹோட்டல் தேறியதே பல ஆண்டு வழக்காக நீண்டது. டாட் மியூசிக்குக்காக வந்த சமூக விண்ணப்பம் ஒன்று 10 மதிப்பெண்ணில் நின்றது. அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை. புதுப்பிக்கும் விலையும் ஓர் எண்தான், ஏலத்தொகையைப் போலவே அதையும் உறையில் போட்டுக் கொடுக்கலாம். நல்ல எண்ணமுள்ள அமைப்பிடம் கொடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கும் டாட் ஆர்க் பதில் சொல்லியிருக்கிறது. 2002இல் 11 பேர் போட்டியிட்டதில், லாபநோக்கற்ற இணையச் சங்கத்தின் விண்ணப்பம் வென்றது. 2019 ஜூனில், கருத்துக் கேட்பில் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களில் பெரும்பாலானவை எதிர்த்தும், டாட் ஆர்க்கின் விலை வரம்பை ஐகான் நீக்கியது. அதே நவம்பரில் அந்தப் பதிவகத்தை ஈதோஸ் கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக இணையச் சங்கம் அறிவித்தது. உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் கொதித்தன, கலிஃபோர்னியாவின் தலைமைச் சட்ட அதிகாரி கடிதம் எழுதினார், 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் அந்த விற்பனைக்கு ஒப்புதல் தர மறுத்தது. விலை வரம்பு எடுக்கப்பட்ட ஐந்தே மாதத்தில் நூறு கோடிக்கு மேல் விலை வந்ததை, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்ப விரும்புவோர் நம்பட்டும். நான் எடுத்துக்கொள்ளும் பாடம், நல்லவரைத் தேடிப்பிடிப்பதைவிட ஒப்பந்தத்தில் எண்ணை எழுதுவது நம்பகமானது.

'நாங்கள் விலைக் கட்டுப்பாட்டு அமைப்பு இல்லை' என்பது ஐகான் எப்போதும் எடுக்கும் கேடயம். டாட் காம் ஒப்பந்தத்தில் ஆறு ஆண்டுச் சுற்றில் நான்கு ஆண்டுகளில் மட்டும், ஆண்டுக்கு 7 விழுக்காடு வரை விலை ஏற்றலாம் என்ற வரம்பு இன்றும் இருக்கிறது, அந்த வரம்புக்கு மூலம் வெரிசைன் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாடு. நான் கேட்பது அதுகூட இல்லை. ஐகான் விலை நிர்ணயிக்க வேண்டாம். போட்டியாளரே தன் விலையைச் சொல்லட்டும், அதை ஒப்பந்தத்தில் எழுதி, எழுதியபடி நடக்கிறாரா என்று மட்டும் ஐகான் பார்க்கட்டும்.

இதில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. இன்று இணையத்தின் வேர்ப் பட்டியலில் தமிழ் எழுத்தில் இருக்கும் பின்னொட்டுகள் மூன்று: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர். மூன்றும் நாடுகளின் பெயர்கள் என்பதால் ஏலத்துக்குப் போகாமல் வந்தவை. 2012இல் டாட் காமின் ஒலிபெயர்ப்புகளை தேவநாகரி உட்படப் பல எழுத்துகளில் வெரிசைன் கேட்டது, அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. நாட்டின் பெயராக இல்லாத ஒரு தமிழ்ச் சொல்லைப் பின்னொட்டாக்க நாளை ஏதாவது ஒரு தமிழ் அமைப்பு முன்வந்தால், கட்டணத்தை எப்படியாவது கட்டி உள்ளே வந்துவிடலாம். அதே சொல்லில் பெரிய நிறுவனம் ஒன்றும் கண் வைத்தால் ஏலத்தில் என்ன செய்யும்? 2012 சுற்றில் கட்டணச் சலுகை தந்த உதவித் திட்டத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து மூன்றே பேர் விண்ணப்பித்தார்கள், தேறியது ஹாங்காங்கின் டாட்கிட்ஸ் அறக்கட்டளை ஒன்றுதான். குழந்தைகளுக்கான அந்தச் சொல்லுக்கு எதிரே நின்றவர்கள் அமேசானும் கூகுளும். சமூக மதிப்பீட்டிலும் தோற்று, பத்தாண்டு இழுபறிக்குப் பிறகே, 2022இல் டாட் கிட்ஸ் அவர்கள் கைக்கு வந்தது. குறைந்த விலைக்கான போட்டியாக இருந்திருந்தால், லாபம் தேடாத அமைப்பே அங்கே பலசாலி.

இந்தச் சுற்றின் விதிகள் எழுதி முடிந்துவிட்டன என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் கையில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற வாசகத்தை அடுத்த சுற்றுக்கு முன் நீக்கி, பத்தாண்டுக்கு ஒருமுறை விலையை வைத்து மறுபோட்டி நடத்த வேண்டும் என்று இயக்குநர் குழுவுக்கு முறையான ஆலோசனை கொடுங்கள். ஆலோசனையை ஏற்க மறுத்தால் அதற்கான காரணத்தை அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். இந்தச் சுற்றில் நடக்கும் ஏலங்களின் வரவைச் செலவழிக்கும் முடிவில், அந்தந்தப் பின்னொட்டின் பெயர்க்காரர்களுக்கு ஒரு பங்கு உண்டா என்று கேளுங்கள். மூன்றாவது இன்னும் எளிது. விண்ணப்பங்கள் வெளியிடப்பட்டுப் பொதுமக்கள் கருத்துக்காகக் காத்திருக்கும் நாள்களில், போட்டியுள்ள ஒவ்வொரு சொல்லின் கீழும் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்வியை உங்கள் குழுவின் பெயரில் எழுதிவையுங்கள்: உங்களிடம் இன்று ஒருவர் பெயர் வாங்கினால், பதினோராவது ஆண்டில் அதைப் புதுப்பிக்க அவர் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?

இப்படிக்கு,
ஆண்டுதோறும் புதுப்பிப்பவர்களில் ஒருவர்